எங்கள் மகள் பள்ளிக்கூடம் போகிறாள்

அன்புள்ள உங்கள் அனைவருக்கும் வணக்கம்.

போன திங்கட்கிழமை எங்கள் மகள் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். ஸ்டெம் செல், அதாவது ரத்தம் உண்டாக்கும் மூல அணுக்கள், மாற்று சிகிச்சை முடிந்து ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. பலமுறை இந்த மடலை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நாலு வரிக்குள் கண் மறைத்துவிடும். இன்று எப்படியும் எழுதி முடித்துவிட வேண்டும்.

முதலில், கொடையாளரே, உங்களுக்கு. நீங்கள் ஆணா பெண்ணா, எந்த ஊர், எதுவும் எங்களுக்குத் தெரியாது. அவளுக்கு வந்தது ஏப்ளாஸ்டிக் அனீமியா. எலும்பு மஜ்ஜை ரத்தம் உண்டாக்குவதையே நிறுத்திவிடும் நோய். கூடப் பிறந்தவர்களுக்குள் முழுப் பொருத்தம் அமைய நாலில் ஒரு பங்குதான் வாய்ப்பாம், தம்பிக்குப் பொருந்தவில்லை. "நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனாம்மா?" என்று அந்த நாலு வயதுப் பிள்ளை கேட்டதை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது. அந்த நிலையில்தான் கொடையாளர் பதிவேட்டில் நீங்கள் கிடைத்தீர்கள். நாலைந்து நாள் ஊசி போட்டு, எலும்பெல்லாம் வலிக்க, பிறகு மணிக்கணக்கில் இயந்திரத்தின் பக்கத்தில் படுத்திருப்பார்கள் என்று எங்களுக்கு விளக்கினார்கள். முகம் தெரியாத ஒரு குழந்தைக்காக அத்தனையும் தாங்கினீர்கள்.

நீங்கள் கொடுத்தது ஒரு சின்னப் பையில் வந்தது. மாற்று சிகிச்சை என்றதும் பெரிய ஆபரேஷன் என்று உறவினர்கள் பயந்தார்கள். கத்தியே கிடையாது. நெஞ்சில் பொருத்திய குழாய் வழியே, ரத்தம் ஏற்றுவது போல, ஒரு மணி நேரத்தில் இறங்கிவிட்டது. அவள் அப்போது படம் வரைந்துகொண்டிருந்தாள். நான்தான் ஒவ்வொரு சொட்டாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். வெள்ளணுக்கள் பூஜ்யம். வாயெல்லாம் புண்ணாகி எச்சில்கூட விழுங்க முடியவில்லை. ஒன்பதாம் நாள் ராத்திரி காய்ச்சல் 103. அன்று இரவுப் பணியில் இருந்த சிஸ்டர், உங்களை எப்படி மறப்பேன்? தொடுவதற்கு முன்னால் கையுறை போட்ட கைகளைப் பரபரவென்று தேய்த்துச் சூடாக்கிக்கொள்வீர்கள், குழந்தைக்குச் சில்லென்று இருக்கக்கூடாதென்று. உங்களிடம் அப்படிச் செய்யச் சொன்னவர் யாருமில்லை.

அறையைத் துடைக்க வந்த அம்மாவுக்கும் தனியாகச் சொல்ல வேண்டும். கதவுப் பிடி, கட்டில் கம்பி, சுவிட்ச், ஒன்று விடமாட்டீர்கள். எதிர்ப்புச் சக்தியே இல்லாத பிள்ளைக்கு ஒரு சாதாரணக் கிருமி போதும், உயிரைக் கொண்டுபோக. மருந்து பாதி காப்பாற்றியது என்றால், மீதி உங்கள் துணிதான்.

பிளேட்லெட், அதாவது ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள், கொடுத்தவர்களே, ஏற்றிய ஒவ்வொரு பைக்கும் தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்திருக்கிறேன். மொத்தம் 23. பிளேட்லெட்டை எடுத்து மாதக்கணக்கில் சேமித்து வைக்க முடியாது. ஐந்து நாள், மிஞ்சினால் ஏழு நாள். அப்படியென்றால் அந்தந்த வாரமே யாரோ வேலையை விட்டுவிட்டு வந்து கை நீட்டியிருக்கிறீர்கள். பெயரில்லாத அந்த 23 வரிகளையும் அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன்.

நியூட்ரோபில் என்ற வெள்ளணுக்களின் எண்ணிக்கை 500-ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நிற்க வேண்டும். "கவுண்ட் ஏறிடுச்சா?" என்பதைத் தவிர வீட்டில் வேறு பேச்சே இல்லை. பத்தொன்பதாம் நாள், மூன்றாவது முறையாக எண் நின்றபோது, டாக்டர், நீங்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று விரலால் 540 என்று எழுதிக் காட்டினீர்கள். அன்றுதான் அவர் அழுது பார்த்தேன், அவளுடைய அப்பா.

இரண்டாம் மாதம் தோலில் தடிப்பு வந்து திரும்ப அட்மிட் ஆனாள். அப்போது சின்னவனைத் தன் பிள்ளையாய்ப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்காவும், விடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காத அலுவலக நண்பர்களும், போன் வழியே வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த டீச்சரும்... ஒவ்வொருவருக்கும் ஒரு மடல் எழுதலாம். பச்சைக் குழந்தைக்குப் போடும் தடுப்பூசிகளை எல்லாம் இப்போது மறுபடி முதலிலிருந்து போட்டு வருகிறார்கள்.

பள்ளிப் படிவத்தில் ரத்த வகைக்கு ஒரு கட்டம் இருந்தது. பழக்கத்தில் பி பாசிட்டிவ் என்று எழுதப் போனேன். அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். "அம்மா, இப்ப நான் ஓ பாசிட்டிவ்."

கொடையாளரே, அது உங்கள் ரத்த வகை. கட்டத்துக்குள் அடங்காமல், பெரிய எழுத்தில், அவளே எழுதினாள்.

என்றும் நன்றியுடன்,
அவளுடைய அம்மா