வேம்பயர் படம் பாத்தன் மகன்

மகன், டார்லிங் ஹார்பர்ல வேம்பயர் எண்ட ஆஸ்திரேலியப் போர்க்கப்பலுக்கு முன்னால நிண்டு நீ ஸ்டேட்டஸ் போட்ட படம் பாத்தன், நல்லா இருக்கு, ஆனா மெலிஞ்சு போனாய், ஒழுங்கா சாப்பிடுறியா? என்ட மகன் சிட்னியில எண்டு கல்லடிச் சந்திக் கடையில எல்லாருக்கும் காட்டினன். அம்மாக்குத்தான் மூண்டு கிழமையா போன் இல்ல.

அது ரெண்டாவது வேம்பயர், தெரியுமா? மொதலாவது எங்கட மட்டக்களப்புக் கடலுக்குள்ள கிடக்கு. மழை இல்லாம இடி இடிச்சதெண்டு பெத்தா சொல்லுவாவே, அந்த நாள்தான் அது தாண்டது, 1942 ஏப்ரல் 9. அது 1917ல தண்ணியில இறக்கின கப்பல், ஜெர்மன்காரன் பழைய இரும்பெண்டு நக்கலடிச்ச அஞ்சு கப்பல்ல ஒண்டு. அந்தப் பழைய இரும்புதான் 41 டிசம்பர்ல பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிபல்ஸ் எண்ட ரெண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பலும் தாழக்குள்ள கடலுக்குள்ள இருந்து 225 பேரத் தூக்கினது. பிறகு ஹெர்மிஸுக்குத் துணையா திருகோணமலையில இருந்து வெளிக்கிட்டது. ஹெர்மிஸ் விமானந்தாங்கி, ஆனா அண்டைக்கு அதுல ஒரு விமானமும் இல்ல, காவலுக்கு வரவேண்டிய விமானங்கள் வந்து சேரக்குள்ள எல்லாம் முடிஞ்சுது. ஜப்பான்காரன் ஹெர்மிஸ முடிச்சுப்போட்டு வேம்பயருக்கு வந்தான், ரெண்டா முறிஞ்சு போச்சு. ஹெர்மிஸ்ல 307 பேர் செத்தது, வேம்பயர்ல கெப்டன் மொரானோட சேத்து 9 பேர்தான். மிச்ச ஆக்கள வீட்டா எண்ட ஆஸ்பத்திரிக் கப்பல் ஏத்தினது, ரெண்டு கப்பல் ஆக்களும் 600 பேரளவில.

படம் யார் எடுத்தது மகன்? நீயே கைய நீட்டி எடுத்த மாதிரி இருக்கு, முழங்கை தெரியுது. சேட்டுல ரெண்டாவது பட்டன் இல்ல. முந்தியெண்டா மருமகள் இல்லாம நீ ஒரு படமும் போடமாட்டாய். நான் ஒண்டும் கேக்கல்ல. நேரத்துக்குச் சாப்பிடு, கடைச் சாப்பாட்டக் குறை.

போன மாசம் ராவில எடுத்து "அப்பா, கொஞ்சம் கதைக்கணும்" எண்டாய். மெச் போகுதெண்டு சொல்லி அம்மாட்டக் குடுத்தன், அவ கை கழுவிட்டு வாறதுக்குள்ள நீ வெச்சிட்டாய். மெச் ஒண்டும் இல்ல மகன், டீவி ஓஃப்லதான் கிடந்தது. உன்ட குரலக் கேட்டதும் பயந்திட்டன். அம்மாக்கு இது தெரியாது.

இப்ப போனத் தலகாணிக்குப் பக்கத்திலதான் வெச்சிருக்கன். எத்தன மணியெண்டாலும் எடு. அம்மாட்டக் குடுக்கமாட்டன்.

அப்பா