கீழே வலை, மாடியில் தூரிகை

அன்பு நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் வானொலி நாடகப் பிரதி வந்தது. இரண்டு முறை படித்தேன். இங்கிலாந்தில், கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸ் என்ற கடலோர ஊரை எடுத்துக்கொண்டது எனக்கு ரொம்பப் பிடித்தது. அங்குள்ள போர்த்மியர் ஸ்டுடியோ ஒன்றே வானொலிக்குப் போதும்: கீழே மீனவர்களின் வலைக்கூடம், மாடியில் ஓவியர்கள். மேலே நடக்கும் வாக்குவாதம் பலகைத் தளம் வழியாக வலை பின்னுபவர் காதில் விழட்டும். அவர் கீழிருந்து கொடுக்கும் பதிலை மைக்கைவிட்டு ஆறடி தள்ளி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பேசச் சொல்.

ஆனால் உன் பிரதியில் கடல் ஓயவே இல்லை. அலையோசை ச, ஸ, ஷ ஒலிகளை விழுங்கிவிடும். ‘சாயம்’ ‘ஆயம்’ ஆகிவிடும், சிரிக்கவேண்டிய சொல்லே கேட்காது. காட்சித் தொடக்கத்தில் ஐந்து விநாடி முழுதாக விடு, பிறகு மெல்ல இறக்கி அறவே எடுத்துவிடு. கதவு திறக்கும்போது மட்டும் திரும்ப வரட்டும். நல்ல ஒலிப்பதிவு கிடைக்காவிட்டால், முறத்தில் உலர்ந்த பட்டாணியைப் போட்டு மெதுவாகச் சாய்த்துச் சாய்த்து எடு. அரிசி வேண்டாம், மழை மாதிரி இருக்கும்.

அந்த ஊர்க் கலைஞர்களின் பென்வித் சங்கத்தை இரண்டே வரியில் தாண்டிவிட்டாயே! 1949-ல் சிற்பி ஹெப்வொர்த், ஓவியர்கள் நிக்கல்சன், லான்யன் எல்லாரும் சேர்ந்து தொடங்கியது. பிறகு உறுப்பினர்களை உருவ ஓவியம், அரூபம், கைவினை என்று ஏ, பி, சி பிரிவுகளாக்கினார்கள்; 1950-ல் லான்யன் விலகிவிட்டார். உன் நகைச்சுவையின் உயிர் அங்கேதான். கற்பனைப் பாத்திரங்களை வைத்துப் படிவம் நிரப்பும் காட்சி எழுது: “படகு வரைந்தால் ஏ. படகு மூழ்கினபின் தண்ணீரை மட்டும் வரைந்தால் பி-யா?” ஒரு காட்சியில் நாலு குரலுக்கு மேல் வேண்டாம். பேசாமல் நிற்பவரைக் கேட்பவர் மறந்துவிடுவார். அவர் கையில் தூரிகையைக் கொடுத்து டம்ளரில் அலசவிடு.

அந்த ஊர் ஓவியர் ஆல்ஃபிரட் வாலிஸைக் கோமாளி ஆக்காதே. மனைவி இறந்தபின், எழுபதை ஒட்டிய வயதில், அட்டைத் துண்டுகளில் படகுப் பெயின்டால் வரையத் தொடங்கியவர். 1928-ல் நிக்கல்சனும் ஓவியர் கிறிஸ்டோபர் வுட்டும் திறந்திருந்த அவர் வீட்டுக் கதவு வழியே அந்தப் படங்களைப் பார்த்தார்கள். 1942-ல் ஏழைகள் விடுதியில் இறந்தார். அவர் வரும் இடத்தில் வசனத்தைக் குறை. கத்தரி அட்டையை வெட்டும் சத்தம் போதும்.

படிவக் காட்சியை எழுதியதும் முதலில் அதை மட்டும் அனுப்பு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்