தையில் வெட்டாத கோடும் மாசியில் எரிந்த சரிவும்: செயலாளரின் ஆண்டறிக்கை

சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் தனியாகப் படிப்பார், நிர்வாகிகளில் மாற்றம் இல்லை. அதனால் நான் காட்டுத் தீயைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அமிர்திக் காட்டை ஒட்டி இருக்கும் நம் ஊரை இந்த ஆண்டு அலைக்கழித்தது அதுதான்.

முதலில் நம் தப்பு. காப்புக்காட்டு எல்லையில் தீத்தடுப்புக் கோட்டை, அதாவது தீ தாண்டாமல் இருக்கப் புல்லும் சருகும் நீக்கிய பட்டையை, தை முடிவதற்குள் வெட்டியிருக்க வேண்டும். ஜவ்வாது மலை அடிவாரத்தில் தை பிறந்தாலே இலை உதிர ஆரம்பித்துவிடும், மாசியில் உள்ளே கால் வைத்தால் கணுக்கால் வரை சருகு. இது தெரிந்தும் பொங்கல், எருது விடும் விழா, நெல் அறுப்பு என்று ஒவ்வொரு ஞாயிறாகத் தள்ளிப்போட்டோம். கோடு வெட்டும் கூலிக்கு வரவேண்டிய பணம் நேரத்துக்கு வரவில்லை என்பது உண்மை, ஆனால் அதையே சாக்காக வைத்து நாமும் உட்கார்ந்துவிட்டோம்.

மாசிக் கடைசியில் ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு மேற்குச் சரிவில் புகை கிளம்பியது. தீ பிடித்தால் சேட்டிலைட் பார்த்து போனுக்குச் செய்தி வந்துவிடும் என்று நம்மில் பலர் நம்பிக்கொண்டிருந்தோம். இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதலே சேட்டிலைட்டை வைத்துத் தீ எச்சரிக்கை கொடுக்கிறது, நல்ல ஏற்பாடுதான். ஆனால் சேட்டிலைட் நம் தலைக்கு மேலேயே நிற்பதில்லை, ஒரு நாளைக்குச் சில தடவைதான் கடந்து போகிறது. மதியச் சுற்று முடிந்த பிறகு பிடிக்கும் தீ ராத்திரிச் சுற்றில்தான் அதன் கண்ணில் படும். நமக்கு முதலில் சொன்னது ஆடு ஓட்டிக்கொண்டு இறங்கிய ஒரு அக்கா.

பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும், தீயும் அதோடு ஏறும், மேலே இருக்கும் புல் அந்தச் சூட்டிலேயே காய்ந்து தயாராக நிற்கும். அதனால்தான் தீக்கு மேல்பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று கத்திக்கொண்டே இருந்தேன். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் புல் சரிவில் மாட்டி 23 பேர் இறந்ததை நாம் மறக்கக் கூடாது. இருட்டி, காற்று அடங்கிய பிறகுதான் வனத்துறை வாட்சர்களோடு நெருங்கினோம். புங்கந்தழையை ஒடித்துக் கட்டி அடித்தோம், அந்த மேட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோக வழியில்லை, பெண்கள் சுமந்து வந்த குடங்கள் குடிக்க மட்டுமே ஆயின. ஒரு தம்பியின் ரப்பர் செருப்பு அடி உருகிப் பாறையில் ஒட்டிக்கொண்டது, வெறுங்காலோடு இறங்கினான்.

விடியற்காலை அணைந்துவிட்டது என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டோம். உள்ளுக்குள் கனன்றுகொண்டிருந்த ஒரு செத்த மரக்கட்டை மறுநாள் உச்சிவெயிலில் உருண்டு கீழே வந்து, எரியாமல் தப்பித்திருந்த பக்கத்தைப் பிடித்துக்கொண்டது. முதல் நாள் போனதைவிட அன்றைக்குப் போனது அதிகம். கட்டையைப் பிளந்து, மண்ணைப் போட்டு, புறங்கையை வைத்துச் சூடு பார்க்காமல் இனி ஒருவரும் இறங்கக் கூடாது.

யார் வைத்தது என்று ஊருக்குள் பேச்சு ஓடுகிறது, அது இங்கே வேண்டாம். ஆனால் நம் காட்டில் தீ தானாகப் பிடிப்பது அபூர்வம் என்பதை ஒப்புக்கொள்வோம். எரித்துவிட்டால் புதுப்புல் வரும் என்று கேட்டே வளர்ந்தோம். முதல் மழைக்குத் துளிர் வருவது உண்மைதான். கூடவே உன்னிச்செடியும் கருகின தூரிலிருந்து முளைத்து வருகிறது, ஆடு மாடு அதைக் கடிக்காது, தின்றால் நோய்தான். வருஷா வருஷம் எரித்த இடத்தைப் போய்ப் பாருங்கள், புல் ஒதுங்கி உன்னி அடைத்திருக்கும், இரண்டு மூன்று வயதுக் கன்றுகளாக நின்ற வேங்கை மரம் ஒன்றுகூட இருக்காது. சருகு போன மண்ணில் மழை ஊறாமல் ஓடிவிடும், அப்புறம் நாகநதியில் ஊற்று இல்லை, கிணற்றில் தண்ணீர் இல்லை என்று நாம்தான் அழப்போகிறோம்.

மேய்க்கிறவர்களைக் குற்றவாளி போலப் பார்த்தால் இது தீராது என்பது என் உறுதியான எண்ணம். காய்ந்த புல்லைக் கோடைக்கு முன்பே அறுத்துத் தலைச்சுமையாக எடுத்துவர அனுமதி கேட்டு வனத்துறைக்கு மனு கொடுத்திருக்கிறோம். மாட்டுக்குத் தீனியும் ஆச்சு, எரிய அங்கே ஒன்றும் மிச்சம் இருக்காது. பதில் வரவில்லை, கமிட்டி இதை விடாமல் கேட்க வேண்டும்.

இந்த முறை பொங்கலுக்குக் காத்திருக்கப் போவதில்லை. மார்கழி கடைசி ஞாயிறு காலை ஆறு மணிக்கு எல்லைக் கல்லருகே கூடுகிறோம். கொடுவாளும் மண்வெட்டியும் கொண்டு வாருங்கள், ரப்பர் செருப்பு வேண்டாம், ஷூ இல்லாதவர்கள் முன்கூட்டியே என்னிடம் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்