சுவரில் எழுதியதை அழிக்க எந்த ஆபீஸுக்குப் போவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து மத்திய மும்பையில் ஒரு பழைய சாலில், அதாவது பல குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் கட்டிடத்தில், முப்பது வருஷமாகக் குடியிருக்கிறேன். எந்த வார்டு என்று எழுதவில்லை, எழுதினால் பாவம் ஒரு கிளார்க்கின் தலைதான் உருளும். எங்கள் மேல்மாடியில் ஒரு மௌசி (மராத்தியில் சித்தி, பெரியம்மா முறை) இருக்கிறார், வயது எழுபத்தாறு, பெனே இஸ்ரேல் யூதர், வீட்டில் பேசுவது மராத்தி. யூதர் என்றதும் நம்மவர்கள் ஏதோ வெளிநாட்டுக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். இவர்களின் முன்னோர் கொங்கணக் கரையில், அலிபாக் பக்கத்துக் கிராமங்களில் செக்கு ஆட்டிப் பிழைத்தவர்கள், சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடமாட்டார்கள் என்பதால் ஊரில் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமைச் செக்கார் என்றே பெயர். நல்ல காரியம் என்றால் மலிதா வைப்பார்கள்: அவலை நனைத்துச் சர்க்கரை, தேங்காய்த்துருவல், ஏலக்காய் சேர்த்துப் பழங்களோடு ஒரு தட்டில். எங்கள் வீட்டுக்கும் ஒரு கிண்ணம் வந்துவிடும். என் மனைவிக்கு அது கிருஷ்ண ஜெயந்தி அவல்தான், வேறு பேரே சொல்லமாட்டாள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2025 மழைக்காலத்தில் ஒரு காலை, எங்கள் கேட்டுக்கு எதிரே மாநகராட்சித் தோட்டத்தின் சுவரில் கறுப்பு பெயிண்டில் இந்தியில் யூதர்களைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை, பக்கத்தில் ‘வெளியே போ’ என்று, அதோடு எங்கள் கேட்டைப் பார்த்து ஒரு அம்புக்குறி. அந்த அம்புக்குறிதான் மௌசியை ஆட்டிவிட்டது. வார்த்தையை யாரோ குடித்துவிட்டு எழுதினான் என்று விட்டுவிடலாம், அம்புக்குறி போட்டவனுக்கு இங்கே யார் இருக்கிறார் என்று தெரியும் அல்லவா?

மாநகராட்சிக்குப் போனில் புகார் கொடுத்தேன். இந்த மாதிரி எழுத்துக்கு அதில் ஒரு வகை கிடையாது, அதனால் ‘அனுமதியில்லாத போஸ்டர், பேனர்’ என்பதை அழுத்தினேன். நாலாம் நாள் பதில் வந்தது: இடத்தைப் பார்வையிட்டோம், போஸ்டர் எதுவும் இல்லை, புகார் முடிக்கப்பட்டது. பொய் இல்லை, போஸ்டர் இல்லைதான்! அப்புறம் மௌசியைக் கூட்டிக்கொண்டு மாநகராட்சி வார்டு ஆபீஸுக்கு நேரிலேயே போனேன். அங்கே இருந்தவர் கடிதத்தைப் படித்துவிட்டு, “யஹூதி (யூதர்) என்றால் பார்சியா?” என்று கேட்டார். வொர்லியில் டாக்டர் இ. மோசஸ் ரோடு இருக்கிறதே, அந்த மோசஸ் 1937ல் இதே மாநகராட்சியின் மேயர், இதே பெனே இஸ்ரேல்காரர். மௌசி அதைச் சொல்லவில்லை, பேசாமல் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இது மத விஷயம், போலீஸுக்குப் போங்கள் என்றார்கள். போலீஸில், சுவர் மாநகராட்சியுடையது, அவர்கள் எழுதிக் கொடுக்கட்டும் என்றார்கள். சுவரைப் பாழாக்குவதற்கு மகாராஷ்டிராவில் 1995லேயே ஒரு சட்டம் இருக்கிறது, மதத்தின் பேரால் பகை மூட்டினால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 196வது பிரிவு இருக்கிறது. ஆளுக்கு ஒரு சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு நீ முதலில், நீ முதலில் என்று நின்றார்கள்.

மேலே யார் காதிலோ ‘யூதர்’ என்ற சொல் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் ஒரு வேன் வந்தது, கேட் முன்னால் பாரிகேட், இரண்டு கான்ஸ்டபிள்கள், பத்து நாள். பால்காரன் பேர் எழுதிவிட்டு உள்ளே வந்தான். மீன்காரம்மா எதற்கு வம்பு என்று அடுத்த சாலோடு நின்றுகொண்டாள். தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: மௌசி என்ன செய்தார்? சுவர் அப்படியே இருந்தது. கான்ஸ்டபிள்கள் அதில் சாய்ந்துதான் நின்றார்கள்.

காவலே வேண்டாம் என்று சொல்லவில்லை. 2008 நவம்பர் 26ல் தொடங்கிய தாக்குதலில் கொலாபா நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தில் ரப்பி (யூத மதகுரு) தம்பதியைக் கொன்றதும், சாண்ட்ரா சாமுவேல் என்ற ஆயா குழந்தை மோஷேயைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடிவந்ததும் இந்த நகரத்தில் யாருக்கும் மறக்காது. ஜெப ஆலய வாசலில் போலீஸ் நிற்கட்டும். ஆனால் ஒரு கிழவி கேட்டது ஒரு வாளி சுண்ணாம்பு, கிடைத்தது துப்பாக்கி.

காசாவில் நடப்பதைப் பார்த்து எனக்கும் வயிறு எரிகிறது, மௌசிக்கும்தான், டிவியை அணைத்துவிடுவார். அதைச் சொல்ல ஆசாத் மைதானத்தில் கூட்டம் போட அனுமதி கேட்ட சிபிஎம் கட்சி 2025ல் உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. வெளிச்சத்தில் பேச வருகிறவர்களுக்கு இத்தனை தடை, இருட்டில் பெயிண்ட் டப்பாவோடு வருகிறவனைக் கேட்க ஆளில்லை. இது என்ன கணக்கோ எனக்குப் புரியவில்லை.

உள்ளூர் நிர்வாகத்துக்கு இதெல்லாம் தெரியாத வித்தையும் இல்லை. மும்பைக்குப் பக்கத்துப் பிவண்டியில் 1988ல் போலீஸ் டிசிபியாக வந்த சுரேஷ் கோப்டே தெருவுக்குத் தெரு மொஹல்லா கமிட்டி வைத்தார், இந்துவும் முஸ்லிமுமாகப் போலீஸோடு உட்கார்ந்து பேசினார்கள். 1992–93 கலவரத்தில் மும்பையில் 900 பேர் செத்தபோது, 1984 கலவரத்தில் பற்றி எரிந்த அதே பிவண்டி அமைதியாக இருந்தது. நம்ம தாராவிக்காரர்களைக் கேளுங்கள், இதன் அருமை தெரியும். 2006ல் நவி மும்பையின் கார்கரில் ஹிட்லர் பெயரில் ஓட்டல் திறந்தபோதும் யூத சமூகத்தினர் உரிமையாளரோடு பேசித்தான் பெயரை மாற்ற வைத்தார்கள்.

நமக்கு எதற்கு என்று கேட்கும் தமிழ் நண்பர்களுக்கு: தென்னிந்தியர்களை விரட்ட ‘லுங்கி ஹடாவ்’ என்று இதே ஊரில் கோஷம் போட்டபோது நம் அப்பாமார் எந்த ஆபீஸுக்குப் போனார்கள்? 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க யூதர்கள் 4,650 பேர். ஓட்டாகப் பார்த்தால் ஒரு நகரசேவகருக்கும் (மாநகராட்சி உறுப்பினருக்கும்) பயன் இல்லாத எண். அப்போது நகரசேவகரும் இல்லை, 2022 மார்ச்சுக்குப் பிறகு 2026 ஜனவரியில்தான் தேர்தலே நடந்தது. இப்போது வந்திருக்கும் 227 பேரிடம் கேட்பது இதுதான்: இந்த மாதிரி எழுத்துக்குப் புகாரில் தனி வகை வையுங்கள், போலீஸ் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளட்டும், அன்றைக்கே சுண்ணாம்பு அடியுங்கள், யார் பொறுப்பு என்று ஒருவர் கையெழுத்துப் போட்டுப் பதில் கொடுக்கட்டும். எந்த மதத்துக்காரர் கேட்டாலும் இதே முறை.

சுவரை டிசம்பரில் அடித்தார்கள். தோட்டத்தில் ஏதோ திறப்பு விழா, பெரிய மனிதர் வருகிறார் என்று. கார் நிற்கும் இடம் வரைதான் பெயிண்ட் வந்தது. வார்த்தை போய்விட்டது, அம்புக்குறி இன்னும் இருக்கிறது. புகார் எண்ணைத் தனித்தாளில் எழுதி இதோடு வைத்திருக்கிறேன், அச்சில் போட வேண்டாம், அதிகாரிகள் யாராவது கேட்டால் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், மும்பை