சார்ஜரைக் கழற்றிவிட்டுக் கேட்டுப் பார்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகள் வயலின் கற்கத் தொடங்கியிருக்கிறாள், அதுவும் ஆன்லைன் வகுப்பில் என்று படித்ததும் சந்தோஷமாக இருந்தது. நீயும் சும்மா இல்லாமல் பாடங்களைப் பேசிப் பதிவு செய்கிறாயாம். நீ பேசும்போது வீட்டில் யாரும் மூச்சு விடக்கூடாது என்று உத்தரவு போட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. இங்கே எல்லோரும் நலம். எனக்கு முழங்கால்தான் மாடிப்படியில் ஏறும்போது வயசை நினைவூட்டுகிறது. பெரியவன் வேலை மாறிவிட்டான். இரவில் வேலை, பகலில் தூக்கம் என்பதால் வீட்டில் பாட்டு கேட்பதெல்லாம் ஹெட்போனில்தான்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். லேப்டாப்பில் ஒலி சரியில்லை, கம்ப்யூட்டரின் எண்களை ஒலியாக மாற்றித் தருகிற, வெளியே மாட்டுகிற சவுண்ட் கார்டு ஒன்று வாங்கிவிடலாமா என்கிறாய். தாராளமாக வாங்கலாம். ஆனால் என்ன சரியில்லை என்று நீ எழுதவே இல்லையே! அது தெரியாமல் வாங்கினால் டப்பா மேசைமேல் இருக்கும், இரைச்சலும் கூடவே இருக்கும்.

முதலில் இரண்டு விஷயத்தைத் தள்ளிவிடுவோம். லேப்டாப்பின் சொந்த ஸ்பீக்கர் சன்னமாகக் கேட்கிறது என்பதுதான் குறை என்றால், சவுண்ட் கார்டு வாங்கி ஒரு பயனும் இல்லை. அந்த ஸ்பீக்கருக்குப் போகும் ஒலி வெளியே வருவதே கிடையாது. புளூடூத் ஹெட்போனும் அப்படித்தான். எண்களை ஒலியாக மாற்றுகிற சிப் அந்த ஹெட்போனுக்குள்ளேயே இருக்கிறது. சவுண்ட் கார்டுக்கு அங்கே வேலை இல்லை. புளூடூத்தில் பாட்டு நன்றாக இருந்து, மீட்டிங்கில் மைக்கைத் திறந்ததும் குரல்கள் பழைய டெலிபோன் மாதிரி ஆகிவிடுகிறதா? அதற்குக் காரணம் வேறு. மைக்கும் சேர்ந்து ஓடும்போது இணைப்பு குறைந்த தரத்துக்கு இறங்கிவிடும். மைக்கை மட்டும் வேறொன்றாக மாற்றிப் பார், சரியாகிவிடும்.

இப்போது கம்பி வைத்த ஹெட்போனை லேப்டாப்பின் துளையில் செருகு. எதையும் பாட விடாதே. சத்தத்தைக் கொஞ்சம் உயர்த்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேள். மவுஸை நகர்த்து, நீளமான பக்கம் ஒன்றை மேலும் கீழும் உருட்டு. அதற்கு ஏற்ப மெல்லிசாகக் 'கிர்ர்... சிர்ர்' என்று ஏதாவது கேட்கிறதா? அப்புறம் சார்ஜரைக் கழற்றிவிட்டு மறுபடி கேள். இதே சோதனையை வெளி ஸ்பீக்கரையும் மாட்டிச் செய்து பார்.

பேட்டரியில் ஓடும்போதும் அந்தக் 'கிர்ர்' இருந்தால், நோய் லேப்டாப்புக்கு உள்ளே. ஒரு சின்னப் பலகைக்குள் பிராசசரும் கிராபிக்ஸும் நொடிக்குக் கோடிக்கணக்கான முறை துடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றுக்கு மின்சாரம் தரும் சர்க்யூட்டுகளும் விடாமல் மின்னழுத்தத்தை வெட்டி வெட்டித்தான் கொடுக்கின்றன. ஒலிச் சிப்பும் அதே பலகையில், அதே எர்த்தில். மவுஸை நகர்த்தும்போது மாறுகிற சத்தம் பிராசசரின் வேலை காதுக்குக் கேட்பதுதான். இதற்கு வெளி சவுண்ட் கார்டு நல்ல மருந்து. எண்கள் எண்களாகவே யூஎஸ்பி வழியாக வெளியே வந்து, அந்தச் சந்தடிக்கு அப்பால் ஒலியாகின்றன.

சார்ஜரைக் கழற்றியதும் நின்றுவிடுகிற உறுமல் வேறு சங்கதி. அதுவும் ஹெட்போனில் இல்லாமல், சொந்த மின் இணைப்பு உள்ள ஸ்பீக்கரிலோ ஆம்பிளிஃபயரிலோ மட்டும் கேட்டால், அது அநேகமாக கிரவுண்ட் லூப். லேப்டாப் ஒரு வழியாக எர்த்தைத் தொடுகிறது, ஸ்பீக்கர் இன்னொரு வழியாகத் தொடுகிறது, நடுவில் உன் ஆடியோ கேபிள் வளையத்தை முடித்து வைக்கிறது. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். யூஎஸ்பி கேபிளுக்குள்ளும் எர்த் கம்பி உண்டு. ஆகவே விலை கூடிய சவுண்ட் கார்டு வாங்கி நடுவில் வைத்தாலும் வளையம் அப்படியே இருக்கும், உறுமலும் இருக்கும். ஸ்பீக்கரையும் சார்ஜரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகையில் செருகிப் பார். பலருக்கு அதிலேயே தீர்ந்துவிடும். இல்லையென்றால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று ஒரு குட்டி டிரான்ஸ்ஃபார்மர் டப்பா கிடைக்கும், அதை ஆடியோ கேபிளுக்கு நடுவில் போடலாம். மலிவானதில் அடிநாதம் கொஞ்சம் மெலியும். ஆப்டிகல் வெளியீடு உள்ள சவுண்ட் கார்டும், அதை ஏற்கிற ஸ்பீக்கரும் இருந்தால் இன்னும் சிறப்பு. அதில் போவது வெறும் வெளிச்சம், எர்த் என்ற பேச்சே கிடையாது. ஒன்று மட்டும் செய்துவிடாதே: மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை ஒடித்தோ டேப் சுற்றியோ உறுமலை நிறுத்துகிற 'ஐடியா'வை யாராவது சொன்னால் கேட்காதே. அது உயிருக்கு உலை வைக்கிற வேலை.

நமக்கெல்லாம் சவுண்ட் கார்டு என்றாலே கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து உள்ளே செருகிய நீளமான பலகைதான் நினைவுக்கு வரும், இல்லையா? 1989இல் கிரியேட்டிவ் நிறுவனம் சவுண்ட் பிளாஸ்டரைக் கொண்டுவந்த காலத்தில் அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் 'பீப்' என்று மட்டும்தான் கத்தும். 1997இல் இன்டெல்லின் ஏசி'97 வந்தது, ஒலிச் சிப் மதர்போர்டிலேயே உட்கார்ந்துவிட்டது. தனிப் பலகைக்கு மவுசு போயிற்று. இப்போது அதே சாமான் யூஎஸ்பி வாலோடு திரும்ப வந்திருக்கிறது, டிஏசி, அதாவது எண்ணை ஒலியாக்கும் கருவி, என்று பெயரை மாற்றிக்கொண்டு.

பாட்டு கேட்க மட்டும்தான் என்றால் பெரிதாக எதுவும் வேண்டாம். ஒருமுனையில் யூஎஸ்பி-சி, மறுமுனையில் ஹெட்போன் துளை, நடுவில் விரல்நீளக் கம்பி என்று டாங்கிள் வருகிறதே, அதில் நல்லதாக ஒன்று போதும். டப்பாவின் மேல் '32 பிட், 384 கிலோஹெர்ட்ஸ்' என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதே. சிடி வெறும் 16 பிட்தான், நொடிக்கு 44,100 மாதிரிகள். அதுவே 20,000 ஹெர்ட்ஸ் தாண்டிப் பிடித்துவிடும். நம் வயதில் 15,000 கேட்டாலே அதிர்ஷ்டம். 128 கிலோபிட்டில் சுருக்கிய எம்பி3யை எந்த டிஏசி வழியாக விட்டாலும், சுருக்கியபோது போனது போனதுதான்.

ஹெட்போன் எது என்பதையும் பார். அதன் மின்தடை 32 ஓம் என்றால் டாங்கிளே சத்தமாகப் பாட வைக்கும். ஸ்டுடியோக்களில் இருக்கும் 250, 300 ஓம் ரகங்களுக்கு அதைவிட வலுவான மின்னழுத்தம் தேவை. அதற்கு ஆம்பிளிஃபயர் சேர்ந்த டிஏசி வேண்டும். என் அபிப்பிராயத்தைக் கேட்டால், கையில் இருக்கிற பணத்தில் முக்கால்வாசி ஹெட்போனுக்குப் போகட்டும். ஒரு டிஏசிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க நல்ல காது வேண்டும். ஹெட்போனுக்கு எந்தக் காதும் போதும். இரண்டு சாதனத்தை ஒப்பிட்டுக் கேட்கும்போது சத்தத்தைச் சமமாக வைத்துக்கொள். கொஞ்சம் உரக்கப் பாடுவதையே மனசு 'ஆகா, இதுதான் தரம்' என்று நினைத்துக்கொள்ளும்.

உன் பாடப் பதிவுக்குத்தான் சவுண்ட் கார்டு நிஜமாகவே உதவும். லேப்டாப்பின் ஒற்றைத் துளைக்குள் மைக்கும் ஹெட்போனும் சேர்ந்தே இருக்கின்றன, அதன் மைக் பக்கம் பெரும்பாலும் 'உஸ்ஸ்' என்று இரையும். பதிவுக்கான சவுண்ட் கார்டை ஆடியோ இன்டர்ஃபேஸ் என்று விற்கிறார்கள், அதில் எக்ஸ்எல்ஆர் என்ற மூன்று முள் செருகி கொண்ட மைக் ஒன்றுக்கு இடமுள்ளதாக வாங்கு. கண்டென்சர் மைக் என்றால் அதற்கு மின்சாரம் கொடுக்கிற 48 வோல்ட் பட்டன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள். 24 பிட்டில் பதிவு செய். அளவைக் கருவியின் முள் உச்சத்தில்கூட கழித்தல் 10 டெசிபெல் பக்கத்திலேயே நிற்கட்டும். குறைவாகப் பதிந்ததைப் பிறகு உயர்த்தலாம், உடைந்து பதிந்ததை ஒட்ட முடியாது. 'டைரக்ட் மானிட்டர்' வசதி இருந்தால் உன் குரல் தாமதமின்றி உன் காதுக்கே வரும். அது இல்லாவிட்டால் நாம் பேசியது கொஞ்சம் தாமதமாகக் கேட்டு, நாக்கு குழறும்.

மகளின் வகுப்புக்கு மட்டும் முதலில் செட்டிங்கைப் பார். வீடியோ செயலிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. வயலினில் நீட்டி இழுக்கிற ஒரு ஸ்வரத்தை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடும். ஆசிரியருக்கு நடுநடுவே ஒலி காணாமல் போவதாகத் தோன்றும். ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்று இசைக்காகவே ஒரு தேர்வு உண்டு, அதைப் போட்டுவிடு. அவளுக்கு ஹெட்போன் கட்டாயம், இல்லாவிட்டால் எதிரொலியை நீக்கும் வசதியும் வயலின் மேலேயே கை வைக்கும்.

வாங்கிவந்த பிறகு சின்னச் சில வேலைகள். ஹார்ட் டிஸ்க்கும் பிரிண்டரும் தொங்குகிற ஹப்பில் செருகாமல் லேப்டாப்பிலேயே நேராகச் செருகு. விண்டோஸில் சவுண்ட் செட்டிங் போய் அந்தச் சாதனத்தை வெளியீடாகத் தேர்ந்தெடுத்து, 'என்ஹான்ஸ்மென்ட்' எல்லாவற்றையும் அணைத்துவிடு. விண்டோஸ் 10இன் 2017 பதிப்புக்குப் பிறகு பெரும்பாலான யூஎஸ்பி சாதனங்களுக்குத் தனி டிரைவர் தேவைப்படாது. பதிவுக்கான இன்டர்ஃபேஸ் என்றால் மட்டும் ஒலிப்பதிவுக்கென்றே தயாரிப்பாளர் தருகிற ஏஎஸ்ஐஓ டிரைவரைப் போட்டுக்கொள், தாமதம் குறையும்.

அப்புறம், விடுதியில் நாம் பதிந்த கேசட்டுகள் இன்னும் உன்னிடம்தானே இருக்கின்றன? அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டுமென்றால் 'லைன் இன்', அதாவது டேப்ரெக்கார்டர் மாதிரி சாதனங்களை மாட்டுகிற துளை, உள்ள இன்டர்ஃபேஸாகப் பார்த்து வாங்கு. லேப்டாப்பின் மைக் துளை பெரும்பாலும் மோனோதான். டேப்ரெக்கார்டரின் சத்தத்தை அதில் விட்டால் கரகரத்துப் போய்விடும். பாட வைப்பதற்கு முன் டேப்ரெக்கார்டரின் 'ஹெட்'டை, அதாவது நாடா உரசிப் போகிற பாகத்தை, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிடு.

சோதனையில் என்ன கேட்டது என்று எழுது, மைக் என்ன மாடல், ஹெட்போன் எத்தனை ஓம் என்பதையும் சேர்த்து. அதற்குப் பிறகு எது வாங்கலாம் என்று சொல்கிறேன். மகளைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்