பாடாத கதாநாயகி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு ஆபெரா, அதாவது வசனத்தைப் பாட்டாகவே பாடி நடிக்கும் இசை நாடகம், பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது. ஆனால் நடனத்தைப் பாடகர்கள் மூச்சு வாங்குவதற்கான இடைவேளை என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டீர்கள். அதுதான் உறுத்துகிறது.

இசையமைப்பாளர் லூலி 1670களில் வகுத்த முறைப்படி, ஐந்து அங்கங்களில் ஒவ்வொன்றிலும் ஆட்டத்துக்கு இடம் உண்டு, அதுவும் கதைக்குள்ளேயே. அவருடைய 'அத்தீஸ்' (1676) ஆபெராவின் மூன்றாம் அங்கத்தில், சிபெல் தேவி தன் காதலை அத்தீஸிடம் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனைத் தூங்கவைத்துக் கனவுகளை ஏவுகிறாள். இனிய கனவுகள் ஆடிப்பாடி ஆசை காட்டுகின்றன. பின்னாலேயே கெட்ட கனவுகள் வந்து மிரட்டுகின்றன. இந்த ஆட்டத்தை எடுத்துவிட்டால் அங்கே கதை எப்படி நகரும்? (அன்று பெண் வேடங்களையும் முகமூடி போட்ட ஆண்களே ஆடினார்கள் என்பது வேறு விஷயம். தொழில்முறை நடனப் பெண்கள் பாரிஸ் ஆபெரா மேடை ஏறியது 1681இல்தான்.)

இன்னும் பெரிய சாட்சி, இசையமைப்பாளர் ஓபேரின் 'போர்ட்டிசியின் ஊமைப்பெண்' (1828) என்ற ஆபெரா. கதாநாயகி ஃபெனெல்லா ஒரு வரிகூடப் பாடுவதில்லை. அந்த வேடம் நடனக்காரிக்கு உரியது. தான் ஏமாற்றப்பட்ட கதையைக் கையாலும் கண்ணாலும் அவள் சொல்ல, இசைக்குழுதான் அவளுக்குக் குரல். சுற்றிலும் எல்லோரும் தொண்டை கிழியப் பாடும்போது, பார்ப்பவர் கண் அவள் மேல்தான் இருக்கும்.

அதே வேடத்துக்கான ஒத்திகையில்தான், 1862 நவம்பரில், நடனக்காரி எம்மா லிவ்ரியின் பாவாடையில் கேஸ் விளக்கின் தீ பற்றிக்கொண்டது. தீப்பிடிக்காமல் இருக்கத் துணியை ஒரு கரைசலில் முக்கி எடுக்கும் வழி அப்போதே இருந்தது. துணி விறைத்து மங்கிப்போகிறது என்று அவர் மறுத்திருந்தார். எட்டு மாதம் துடித்து, இருபது வயதில் இறந்தார். இதையெல்லாம் இடைவேளைக் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

சரி, உங்கள் கட்டுரையாளர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. 1861இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் 'டான்ஹாய்சர்' ஆபெரா பாரிஸில் மூன்றே முறை மேடையேறி நின்றுபோனதற்கு, ஜாக்கி கிளப் என்ற பணக்காரர் சங்கத்துக் கனவான்களே முக்கியக் காரணம். சாவகாசமாகச் சாப்பிட்டு முடித்து இரண்டாம் அங்கத்துக்கு வருபவர்கள் அவர்கள். அவர்கள் பார்க்க வந்த பாலே நடனம் முதல் அங்கத்திலேயே முடிந்துவிட்டதாம், அதனால் விசில் அடித்தே கெடுத்தார்கள். ஆனால் அது பார்க்க வந்தவர்களின் லட்சணம். அந்தப் பழியை ஆடியவர்கள் தலையில் ஏன் கட்ட வேண்டும்?

தொடர் இன்னும் முடியவில்லை என்று போட்டிருந்தீர்கள். அடுத்த பகுதியிலாவது நடனக்காரர்களுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திருச்சி