ஜனவரியில் வேண்டாம், மே வரை பொறு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

நீ அனுப்பிய திட்டத்தை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். ஜனவரி முதல் வாரம், பன்னிரண்டு பேர், மூன்று நாளில் வட இங்கிலாந்தில் ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டிய பாதை முழுவதும் ஓட்டம். கிழக்கே வால்சென்டில் தொடங்கி மேற்கே பௌனஸில் கடலைப் பார்த்து முடிப்பதாக எழுதியிருக்கிறாய். மொத்தம் 135 கிலோமீட்டர். உன்னால் ஓட முடியும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் கவலையெல்லாம் அந்தப் பாதையின் மண்ணைப் பற்றித்தான். ஓட்டத்தை மே மாதத்துக்குத் தள்ளி வை. இதைக் கேட்கத்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

போன ஜூனில் நாம் இரண்டு பேரும் ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸ் வரை போனோமே, ஐந்து கிலோமீட்டர் போல இருக்கும். ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் எனக்காக நின்றாய். ஏற்றத்தில் நடந்தால் தப்பில்லை, இறக்கத்தில் அடியைச் சின்னச் சின்னதாக வை, குதிகாலை அழுத்தி ஊன்றாதே, பார்வை நாலடி முன்னால் இருக்கட்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் நீதான். இடது கைப் பக்கம் பாறை செங்குத்தாக இறங்கி ஏரியில் முடிந்தது. வலது பக்கம் புல்வெளி சாய்ந்துகொண்டே போயிற்று. அந்தப் பாறை சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளேயே உருகிய குழம்பாக அடுக்குகளுக்கு நடுவில் புகுந்து உறைந்தது என்று பிறகு படித்தேன். வடக்கே செங்குத்து, தெற்கே சரிவு. எதிரி வரும் திசையில் ஏற்கெனவே ஒரு சுவர் நின்றிருக்கிறது. ரோமானியர்கள் அதன் தலையில் தங்கள் சுவரைக் கட்டினார்கள். பனியாறு உருகிய தண்ணீர் அங்கங்கே அறுத்த பள்ளங்களில் சுவரும் இறங்கி ஏறுகிறது. அன்றைக்கு என் தொடை எரிந்த எரிச்சலுக்குக் காரணம் அதுதான் என்று தெரிந்தபோது எனக்கு அந்த வலியே பிடித்துப்போயிற்று.

கி.பி. 122இல் தொடங்கிய வேலை. மூன்று லீஜியன் படைகள் கட்டின. ஒரு ரோமானிய மைலுக்கு ஒரு சிறு கோட்டை, இரண்டு கோட்டைகளுக்கு நடுவே இரண்டு காவல் கோபுரங்கள், இப்படியே 80 ரோமானிய மைல். ஆனால் நீ ஓடப்போகும் தூரத்தில் பெரும்பகுதியில் கண்ணுக்குச் சுவரே தெரியாது. கல்லை எடுத்துப் பண்ணை வீடுகள் கட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள். ஸ்காட்லாந்தில் எழுந்த 1745 கிளர்ச்சிக்குப் பிறகு படை போவதற்காகச் சாலை போட்டபோது மைல் கணக்கில் சுவரின் மேலேயே போட்டுவிட்டார்கள். மிச்சம் இருப்பது அஸ்திவாரம், அகழி, மண்மேடு, கோட்டையின் அடித்தளம். எல்லாம் புல்லுக்குக் கீழே, சில இடங்களில் கொஞ்சம் கீழேதான்.

அதனால்தான் அந்தப் பாதையின் பெரும்பகுதியைப் புல்பாதையாகவே வைத்திருக்கிறார்கள். கோடையில் புல்லின் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மிதிபட்டாலும் மறுபடி எழுந்துவிடும். குளிர்காலத்தில் புல் வளராது, மண் தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கும். உன் ட்ரெயில் ஷூவின் அடியில் இருக்கும் பற்கள் வழுக்காமல் இருக்கத்தானே? ஊறிய மண்ணில் அதே பற்கள் புல்லைக் கீறிப் பெயர்த்துவிடும். கீறின இடத்தில் தண்ணீர் நிற்கும். பின்னால் வருபவர் சேற்றைத் தவிர்த்துப் பக்கத்தில் காலை வைப்பார், அவருக்குப் பின்னால் வருபவர் இன்னும் தள்ளி. அடுத்த மழைக்கு அந்தத் தடமே வாய்க்காலாகி மண்ணை அடித்துக்கொண்டு போகும். பன்னிரண்டு பேர் ஒருவர் பின் ஒருவராக ஓடினால் ஒரே கோட்டில் பன்னிரண்டு முறை உழுத மாதிரி.

2003இல் இந்தப் பாதையைத் திறந்ததிலிருந்து அங்குள்ளவர்கள் கேட்டுக்கொள்வது சில விஷயங்கள்தான்: மே முதல் அக்டோபர் வரை வாருங்கள், சுவர் மேல் ஏறாதீர்கள், புல்வெளியில் வரிசையாகப் போகாமல் பக்கத்தில் பக்கத்தில் போங்கள், தரை ஈரமாக இருந்தால் பாதையை விட்டுவிட்டு ஒரு கோட்டையைப் போய்ப் பாருங்கள். யாரும் தடுக்க மாட்டார்கள், ஜனவரியிலும் பாதை திறந்துதான் இருக்கும். தடுக்காததால்தான் நாமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு வழியில் சிக்கமோர் பள்ளத்தில், தனியாக நின்று புகழ்பெற்ற அந்த சிக்கமோர் மரத்தின் வெட்டுண்ட அடிமரத்தின் முன்னால் நீ வாயடைத்து நின்றது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. 2023 செப்டம்பரில் ஒரே இரவில் வெட்டிச் சாய்த்தார்கள். உலகமே கொதித்தது, கொதிக்கவும் வேண்டும். மறு வருஷமே அடியிலிருந்து துளிர் விட்டது. ஆனால் கண்ணம்மா, புல்லுக்கு அடியில் ஒரு கோபுரத்தின் அடித்தளம் கலைந்துபோனால் அதற்குத் துளிர் கிடையாது. சத்தமும் கேட்காது. செய்தவர்களும் நம்மைப் போல அந்த இடத்தை விரும்பி வந்தவர்களாகத்தான் இருப்பார்கள்.

ஹவுஸ்டெட்ஸ் கோட்டையின் கிழக்கு வாசல் படிக்கல் ஞாபகம் இருக்கிறதா? வண்டிச் சக்கரங்கள் போய்ப் போய்க் கல்லில் பள்ளம் விழுந்திருந்ததே. நீ குனிந்து விரல்களை அந்தப் பள்ளத்தில் வைத்து ஓட்டிப் பார்த்தாய். விளிம்பு கூர் மழுங்கி, உள்ளே வழவழவென்று இருந்தது. முந்தின நாள் மழைத் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போனால் கல்லே இப்படித் தேய்கிறது. உன் திட்டத்தைப் படித்ததும் என் கண் முன்னால் வந்து நின்றது அந்தக் கல்தான்.

மே மாதம் போவதாக இருந்தால் மூன்று நாளை ஐந்தாக்கு. முதல் நாள் டைன் நதிக்கரையோரம் தார்ப்பாதைதான் அதிகம், வேகமாகப் போய்விடலாம். நடுவில் வரும் பாறைப் பகுதிக்கு மட்டும் தாராளமாக நேரம் வை. வின்ஷீல்ட்ஸ் உச்சி 345 மீட்டர்தான், ஆனால் அங்கே தொடர்ந்து ஏறி இறங்குவது எந்த உயரக் கணக்கிலும் தெரியாது. கற்படிகளில் ஈரம் இருந்தால் நடந்தே இறங்கு. அந்தக் கரும்பாறை நனைந்தால் காலை நிறுத்தாது. மே மாதத்தில் குட்டிகளோடு ஆடுகளும், கன்றுகளோடு மாடுகளும் மேயும். அவற்றைக் கண்டதும் ஓட்டத்தை நிறுத்தி, விலகி நடந்து போங்கள். கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் மட்டும் புகுந்துவிடாதீர்கள். கதவுகளைத் திறந்தால் மூடிவிட்டு வாருங்கள்.

மேற்கே போகப் போகக் கல் குறையும். இர்திங் நதிக்கு மேற்கே முதலில் கட்டியதே புல்கட்டிகளை அடுக்கிய மண்சுவர், கல்சுவர் பிறகுதான் வந்தது. பௌனஸுக்கு முன்னால் சதுப்பு நிலத்தை ஒட்டிப் போகும் சாலை பெரிய ஏற்ற அலையில் முழுகிவிடும். கடைசி நாள் கிளம்பும் முன் அலை நேர அட்டவணையைப் பார்க்காமல் புறப்படாதே. இதைத் தனியாகக் கோடிட்டு வைத்துக்கொள்.

ஜனவரி விடுமுறையை என்ன செய்வது என்று கேட்பாய். எல்லோரையும் கூட்டிக்கொண்டு விண்டோலாண்டாவுக்குப் போ. குளிர்காலத்தில் எப்போது திறந்திருக்கும் என்று மட்டும் பார்த்துக்கொள். சுவருக்குக் கொஞ்சம் தெற்கே, சுவர் வருவதற்கு முன்பே இருந்த கோட்டை அது. 1973இல் அங்கே ஈர மண்ணிலிருந்து மெல்லிய மரப்பட்டிகைகளை எடுத்தார்கள், மையால் எழுதிய கடிதங்கள். காற்றே புகாத ஈரத்தில் கிடந்ததால் ஏறத்தாழ 1900 வருஷம் மட்காமல் இருந்திருக்கின்றன. அந்த மண் கலைந்து காற்றுப் பட்டிருந்தால் நமக்கு ஒரு எழுத்துகூடக் கிடைத்திருக்காது.

அதில் ஒன்று, கிளாடியா செவரா என்ற பெண் தன் தோழி லெபிடினாவைப் பிறந்தநாளுக்கு அழைத்து எழுதியது. செப்டம்பர் 11. கடிதத்தை வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள், கடைசியில் சில வரிகளை மட்டும் அவளே தன் கையால் எழுதி, சகோதரி என்று அழைத்து முடித்திருக்கிறாள். பெண் கையால் எழுதிய லத்தீனில் நமக்குத் தெரிந்த மிகப் பழையவற்றுள் அதுவும் ஒன்று. நீ உன் தோழிகளுக்கு அதைக் காட்டியே ஆக வேண்டும்.

இன்னொரு பட்டிகை உடைந்த துண்டு. அனுப்பியவர் பெயர் அதில் மிஞ்சவில்லை. வாங்கியவர் யார் என்பதும் இல்லை. காலுறைகள் அனுப்பியிருக்கிறேன், செருப்பு இரண்டு ஜோடி, உள்ளாடை இரண்டு ஜோடி என்று அதில் இருக்கிறது. அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலையே ஓடவில்லை.

இந்தக் கடிதத்தோடு சேர்த்துக் கம்பளிக் காலுறை மூன்று ஜோடி வைத்திருக்கிறேன். நனைந்தாலும் சூடு தாங்கும். விரல் பக்கம் தையல் தடிப்பாக இல்லாததாகப் பார்த்துத்தான் எடுத்தேன், உனக்குச் சுண்டுவிரலில் கொப்புளம் வருமே. புதிதாகப் போட்டுக்கொண்டு நீண்ட ஓட்டத்துக்குக் கிளம்பாதே, முதலில் வீட்டுப் பக்கமாக நாலைந்து நாள் போட்டு ஓடிப் பார். குதிகால் இறுக்கமாக இருந்தால் சொல், அடுத்த அளவு வாங்கி அனுப்புகிறேன். மே மாதத் தேதியையும் சேர்த்து எழுது. ஸ்டீல் ரிக்கிலிருந்து ஹவுஸ்டெட்ஸ் வரை நானும் வருகிறேன்.

அன்புடன்,
அம்மா